மாலை 5.30 முதல் 8.30 வரை: ஒரு டெய்லர் ஏன் டெய்லராகவே நின்றுவிடுகிறார்?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இது: உங்கள் அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) டெய்லர். அவர் சேர்ந்த அதே வருடம், அதே கம்பெனியில், அதே மெஷினில் உட்கார்ந்த உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இன்று புரொடக்‌ஷன் மேனேஜர். அக்கா 4 வருடம் வேலை செய்துவிட்டு, கல்யாணம், குழந்தை என்று நின்றார். ஒன்றரை வருடம் கழித்து வேறு கம்பெனியில் சேர்ந்து இப்போது 5 வருடம் ஆகிறது. கை வேகத்தில் குறையில்லை, லீவும் அதிகம் போடுவதில்லை, ஆனாலும் அதே ஓவர்லாக். இதற்குக் கம்பெனி காரணமா, எங்கள் குடும்பம் காரணமா, அக்காவுக்கே ஆர்வம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இனிமேலாவது ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்வியும் அதற்குள் இருப்பதாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தவறான பதில்தான் வரும். சூப்பர்வைசர் ஆவதற்கான படிப்பு, அதாவது வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கற்பது, திருப்பூரில் பெரும்பாலும் மாலை 5.30 மணிக்கு மேல்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் யார் லைனில் (தையல் மெஷின் வரிசையில்) நிற்கலாம், யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் கம்பெனி தீர்மானிப்பதில்லை, குடும்பம்தான் தீர்மானிக்கிறது. அந்த நேரத்தில் அந்தப் படிப்பை வைப்பதோ கம்பெனி. இரண்டும் சேர்ந்துதான் உங்கள் அக்காவை அதே ஸ்டூலில் உட்கார வைத்திருக்கின்றன.

காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட், இரவு 8.30 வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட் என்பது உங்களுக்கே தெரியும். பகலில் லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது டெய்லர் தன் ஒரு ஆபரேஷனைத்தான் பார்ப்பார். தோள் ஜாயின்ட் என்றால் நாள் முழுக்கத் தோள் ஜாயின்ட். புது ஸ்டைல் லோடு செய்வது (புது மாடலை லைனில் ஏற்றுவது), மெஷின்களை இடம் மாற்றுவது, முதல் பத்து பீஸைத் தைத்துப் பார்த்து எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிப்பது எல்லாம் பெரும்பாலும் சாயங்காலத்துக்குத் தள்ளப்படும். காரணம் எளிது. பகலில் லைனை நிறுத்தினால், தைக்கும் பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லர்களுக்குக் கூலி போகும், கம்பெனிக்கு உற்பத்தி போகும்.

அந்த முதல் பத்து பீஸில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரவுண்டு நெக் டி-ஷர்ட். கழுத்து ரிப்பை (கழுத்தைச் சுற்றி வரும் இழுபடும் பட்டியை) உடம்புத் துணியின் கழுத்துச் சுற்றளவைவிடக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள், தைக்கும்போது இழுத்துப் பிடித்து ஏற்ற வேண்டும். முதல் பீஸில் முன்பக்கம் அதிகமாக இழுத்துவிட்டுப் பின்பக்கம் தளர்வாக விட்டால் கழுத்து ஒரு பக்கம் அலையடிக்கும். மாஸ்டர் வந்து ரிப்பையும் கழுத்தையும் நான்காக மடித்து, நான்கு இடத்தில் சாக்பீஸால் குறி வைத்து, குறியோடு குறி சேர்த்துத் தைக்கச் சொல்வார். அப்படியும் சுருங்கினால் மெஷினில் துணியை நகர்த்தும் பல்லின் ஓட்டத்தைச் சரிபார்ப்பார்கள், நூல் டென்ஷனைத் தளர்த்துவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் அறிவு இது. 5.30க்குக் கிளம்பியவர் மறுநாள் காலை வரும்போது எல்லாம் சரியாகியிருக்கும். என்ன கெட்டது, எப்படிச் சரியானது என்பது அவருக்குத் தெரியாமலேயே போய்விடும். வாரத்தில் மூன்று மாலை என்று வைத்தாலும் ஐந்து வருடத்தில் இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகும் என்று யோசியுங்கள். உங்கள் ஊர்க்காரர் அக்காவைவிடக் கெட்டிக்காரராக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் அந்த மாலைகளில் அங்கே இருந்தார்.

அதே மாலையில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019இல் இது 299, 97 என்று இருந்தது. ஐந்து வருடத்தில் இடைவெளி கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. 289இல் 88 போனால் 201 நிமிடம், அதாவது மூன்று மணி இருபத்தொரு நிமிடம். ஒன்றரை ஷிப்டின் அந்த அரை ஷிப்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். இது நாடு முழுவதற்குமான சராசரி, உங்கள் வீட்டுக் கணக்கு அல்ல. ஆனாலும் உங்கள் வீட்டிலும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். தண்ணீர் பிடிப்பது, குழந்தையை டியூஷனிலிருந்து கூட்டி வருவது, இரவுச் சமையல், மறுநாள் டிபனுக்கு மாவு, மாமியாருக்கு மாத்திரை. ஒவ்வொன்றும் பதினைந்து இருபது நிமிடம்தான், ஆனால் அத்தனையும் மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் நடுவில்தான் விழுகின்றன.

இது இந்தியக் குடும்பங்களின் குறை மட்டுமல்ல. மகப்பேறு விடுப்பும் குழந்தைகள் காப்பகமும் தாராளமாகக் கிடைக்கும் டென்மார்க்கிலேயே, முதல் குழந்தை பிறந்த பிறகு பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிடும்போது நீண்ட காலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்கிவிடுகிறது, அப்பாக்களின் வருமானம் அப்படியே போகிறது என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தை பிறக்கும் வரை இருவரின் கோடும் சேர்ந்தே போகும், அங்கேதான் பிரியும். உங்கள் அக்காவின் கதையும் அங்கேதான் பிரிந்திருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பனியன் தொழிலில் ஆள் எடுப்பதும் ஏற்றிவிடுவதும் சொந்தம், ஊர், சாதி என்ற வழியாகப் பெருமளவு நடக்கிறது. எந்த யூனிட்டில் சூப்பர்வைசர் வேண்டும் என்ற செய்தி நோட்டீஸ் போர்டுக்கு வருவதற்கு முன் டீக்கடைக்கு வந்துவிடும். மாஸ்டர் தனக்குத் தெரிந்த பையனைச் சொல்லிவிடுவார். அந்தப் பேச்சில் பெண்கள் இல்லை. வெளியூரிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்பவர்களும், மாஸ்டரின் சாதிக்கோ ஊருக்கோ வெளியே இருக்கும் ஆண்களும்கூட அதில் இல்லை. உங்கள் ஊர்க்காரர் மேலே போனதில் இதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. அக்காவின் கம்பெனி அவரைப் பெண் என்பதற்காகவே ஒதுக்கியதா என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அங்கே எத்தனை லைன், அவற்றில் எத்தனை பெண் சூப்பர்வைசர்கள், அவர்கள் தையல் லைனிலா, தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங்கிலா என்று எண்ணச் சொல்லுங்கள். பல கம்பெனிகளில் செக்கிங் சூப்பர்வைசர் வரை பெண்களை விடுவார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் ஆகும் ஏணியோ தையல் லைனிலிருந்துதான் போகும். அக்காவுக்கு ஏதாவது பதவி கொடுக்க முன்வந்து அது செக்கிங் பக்கம் என்றால், இதை யோசித்துவிட்டுப் பதில் சொல்லட்டும்.

"பொம்பளைங்க சொன்னா லைனில் கேட்க மாட்டாங்க" என்பது அடிக்கடி சொல்லப்படும் காரணம். இதில் பாதி உண்மை இருக்கிறது. வங்கதேச ஆடை ஆலைகளில் பெண் டெய்லர்களைப் பயிற்சி கொடுத்து சூப்பர்வைசர்களாக்கிப் பார்த்த ஆய்வில், தொடக்கத்தில் தொழிலாளர்கள் அவர்களைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். சில மாதம் கூடவே வேலை செய்த பிறகு அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அதனால் முதல் நான்கைந்து மாதம் கடினமாக இருக்கும் என்பதை அக்கா முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. ஒரே மாதத்தில் "சரிப்பட்டு வரல" என்று கம்பெனி திரும்ப மெஷினுக்கு அனுப்பினால், அது அவருடைய தோல்வி ஆகாது, கொடுத்த அவகாசம் போதவில்லை.

குடும்பத்தை உட்கார வைத்துப் பேசினால் எல்லாம் சரியாகும் என்று நினைப்போம். அதற்கும் ஆதாரம் பலமாக இல்லை. கர்நாடகக் கிராமங்களில் மழலையர் பள்ளி ஆசிரியைகளின் குடும்பத்தாரிடம் அந்த வேலையின் நன்மையை எடுத்துச் சொல்லும் வீடியோவைக் காட்டினார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசவும் வைத்தார்கள். அவர்கள் வேலையில் நீடிப்பதில் எந்த மாற்றமும் தெரியவில்லை. பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுவாகப் பேசுவதைவிட, செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் குழந்தையை யார் கூட்டி வருவது என்று பேசுங்கள். குறிப்பான கேள்விக்குத்தான் குறிப்பான பதில் வரும்.

அக்காவுக்கே ஆர்வம் இல்லையா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் சரியாகக் கேட்க வேண்டும். "சூப்பர்வைசர் ஆகணுமா?" என்றால் பெரும்பாலும் "வேண்டாம்ப்பா" என்றுதான் வரும். ஏன் வேண்டாம் என்று அடுத்துக் கேளுங்கள். நேரம் ஒரு காரணம். டார்கெட் வரவில்லை என்று மேலிருந்து திட்டு வாங்கிக் கீழே கத்த வேண்டும், அந்தப் பேச்சு என் வாயில் வராது என்பது இன்னொரு காரணம். வீட்டுக்காரர் அதே கம்பெனியில் டெய்லர், அவருக்கு மேல் நான் எப்படி என்பது மூன்றாவது. இரவு 9 மணிக்குத் தெருவில் நடந்து வந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்பதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. கடைசிக் காரணம் என்றால் கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடாமல் வீட்டு வாசல் வரை வருமா என்று கேட்டு வாங்கினாலே பாதி தீரும். கூச்சலுக்குப் பயந்தால், கத்தாமல் லைனை ஓட்டும் ஒரு சூப்பர்வைசரிடம் உதவியாளராகச் சேர்வதுதான் வழி. அப்படிப்பட்டவர்கள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள்.

நேரம்தான் தடை என்றால், தினமும் ஒன்றரை ஷிப்ட் நிற்க முயல வேண்டாம். மூன்று வாரத்தில் உடம்பும் வீடும் கைவிடும். வாரத்தில் இரண்டே நாள், அதுவும் எந்த நாள் என்று முன்கூட்டியே தெரிந்த நாள். வீடுகள் தடுமாறுவது ஒன்றரை ஷிப்டினால் என்பதைவிட, "இன்னிக்கு நிக்கணும்" என்று சாயங்காலம் நாலு மணிக்குச் சொல்வதால்தான். ஸ்டைல் மாறும் தேதி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கும் மாஸ்டருக்கும் இரண்டு மூன்று நாள் முன்பே தெரியும். அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்று மட்டும் நிற்கட்டும். மற்ற நாளில் நிற்பதால் சம்பளம் வரும், படிப்பு வராது. லோடிங்கைக் காலை 8.30க்கு வைக்க மாஸ்டர் ஒப்புக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு மணி நேர உற்பத்தி போகும் என்பார். புது ஸ்டைலில் முதல் நாள் டேமேஜ் குறைந்தால் அது திரும்பி வந்துவிடும் என்று ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கற்க வேண்டியது என்னவென்றால், முதலில் ஓவர்லாக்கோடு பேட்லாக்கும் (மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் மெஷின்) சிங்கரும் (சாதாரண ஒற்றை ஊசி மெஷின்) கைக்கு வர வேண்டும். வேகம் தேவையில்லை, தவறு எங்கே வரும் என்று தெரிந்தால் போதும். அடுத்தது கணக்கு. ஒரு பீஸ் முழுதாகத் தைக்க ஆகும் நிலையான நிமிடத்தைத்தான் சாம் என்கிறார்கள். ஒரு டி-ஷர்ட்டின் சாம் 8 நிமிடம், லைனில் 20 பேர், ஒரு ஷிப்ட் 480 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20ஐ 480ஆல் பெருக்கினால் 9,600 நிமிடம், 8ஆல் வகுத்தால் 1,200 பீஸ். இது நூற்றுக்கு நூறு. லைன் 55 சதவீதத்தில் ஓடினால் 660 பீஸ். மேனேஜர் 900 கேட்டால் முடியுமா முடியாதா என்று உடனே சொல்லத் தெரிந்தவரைத்தான் சூப்பர்வைசர் என்று மதிப்பார்கள். லைன் எங்கே அடைக்கிறது என்று பார்க்கவும் தெரிய வேண்டும். எல்லா ஆபரேஷனும் 35 விநாடி, கழுத்து மட்டும் 50 விநாடி என்றால், மற்றவர்கள் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் மணிக்கு 72 பீஸுக்கு மேல் வெளியே வராது. கழுத்துக்கு இன்னொரு மெஷினைப் போடு என்று சொல்லத் தெரிவதுதான் இந்த வேலையே. பத்தாம் வகுப்புக் கணக்கு தாராளமாகப் போதும். நீங்கள் படித்தவராகத் தெரிகிறது, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பதவி கேட்கும்போது ஒரு குழியைக் கவனிக்க வேண்டும். நல்ல பீஸ் ரேட் டெய்லர் ஒன்றரை ஷிப்ட் நின்றால் வாராவாரம் வாங்கும் கூலி, மாதத்துக்குச் சேர்த்துப் பார்த்தால், உதவி சூப்பர்வைசரின் மாதச் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கக்கூடும். பதவி கிடைத்த மூன்றாம் மாதம் வீட்டில் "இதுக்கா இத்தனை பாடு?" என்று கேட்பதும், அக்கா மெஷினுக்குத் திரும்பிவிடுவதும் இப்படித்தான் நடக்கும். பழைய ஆறு மாதக் கூலியின் சராசரிக்குக் கீழே போகாத சம்பளம், அதை எத்தனை மாதத்தில் உயர்த்துவார்கள் என்ற பேச்சு, பதவிப் பெயர் போட்ட கடிதம், இந்த மூன்றையும் முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும்.

குடும்பத்தில் எடுத்த முடிவுகள் பணமாக எவ்வளவு வெட்டின என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அதில் இன்னும் கொஞ்சம் மீட்கலாம். அக்கா பிரசவத்துக்காக ராஜினாமா செய்திருக்கிறார் என்று தெரிகிறது. ராஜினாமா தேவையே இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) வருவார்கள். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாள் பணம் கட்டியிருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழு நாள் கூலி கிடைக்கும். பங்களிப்புக் காலம் என்பது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. நாள் கூலி 500 ரூபாய் என்றால் 182 நாளுக்கு 91,000 ரூபாய். அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் முடியாது. மகப்பேறு விடுப்பில் 2017 திருத்தத்தால் வந்த இந்த 26 வாரம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. இந்த இ.எஸ்.ஐ. பணம் கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் கான்ட்ராக்டர் பட்டியல்தான். ஆறு மாதம் ஒரு கான்ட்ராக்டர் பெயரில், அடுத்த ஆறு மாதம் இன்னொருவர் பெயரில், நடுவில் பணம் கட்டாத மாதங்கள் என்று இருந்தால் அந்த 70 நாள் நிறையாது. அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் இப்போதே இ.எஸ்.ஐ. எண்ணில் மாதாமாதம் வரவு ஏறுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பணிக்கொடை. மாதச் சம்பளம் 13,000 என்றால் ஒரு வருடத்துக்கு 13,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும், 7,500 ரூபாய். ஒரே கம்பெனியில் 9 வருடம் என்றால் 67,500. மகப்பேறு விடுப்பும் தொடர் பணியாகவே கணக்கில் வரும். ஆனால் பணிக்கொடைக்கு வழக்கமாக 5 வருடத் தொடர் பணி வேண்டும் என்பதால், அக்கா 4 வருடத்தில் நின்றதில் அந்த 4 வருடத்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. இப்போதைய கம்பெனியில் 5 முடிந்திருந்தால் அந்த உரிமை வந்துவிட்டது. கான்ட்ராக்டர் மாறினார் என்று சேர்ந்த தேதியைத் திருத்திப் புது கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது.

பி.எஃப். பணத்தைக் கல்யாணத்தின்போது எடுத்துவிட்டார்களா என்பதைத்தான் முதலில் விசாரியுங்கள். நகைக்கோ சீருக்கோ எடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். அதோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்திருந்தால் அந்த 4 வருடப் பணிக்காலம் அழிந்திருக்கும். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு மொத்தம் 10 வருடம் வேண்டும். எடுக்காமல் விட்டிருந்தால் 4ம் 5ம் சேர்ந்து 9, இன்னும் ஒரு வருடம் போதும். எடுத்திருந்தால் இன்னும் 5 வருடம். இரண்டாவது கம்பெனி பழைய யு.ஏ.என்.னை (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணை) கேட்காமல் புது எண் போட்டிருப்பதும் சகஜம். அப்படி இருந்தால் பழைய கணக்கைப் புதியதோடு மாற்றிச் சேர்க்க ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆதாரில் உள்ள பெயர், பிறந்த தேதியோடு இரண்டு கணக்கும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் பெயரை மாற்றியிருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது அந்த இடத்தில்தான், அதனால் முதலில் பி.எஃப். கணக்கில் பெயரைத் திருத்திவிட்டு, பிறகு மாற்றத்துக்குப் போடுங்கள்.